ஆனந்த் – கிராம்னிக், பான் 2008, மூன்றாவது ஆட்டம்: வீட்டிலேயே ஜெயித்த ஆட்டமா?

கேள்வி இதுதான்: "என் மகனுக்குப் பதினோரு வயது. செஸ் கோச்சிங் போகிறான். அங்கே ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்கத்தை, 20 நகர்வு வரை மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், 2008 உலக சாம்பியன்ஷிப்பில் ஆனந்த் கிராம்னிக்கை அப்படித்தான் ஜெயித்தார், மூன்றாவது ஆட்டத்தை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் முடித்துவிட்டு வந்து பலகையில் ஒப்பித்தார் என்கிறார்கள். உண்மையா? அந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் நடந்தது?"

உண்மை இல்லை. தயாரிப்பு இருந்தது, அதுவும் பிரமாதமான தயாரிப்பு. ஆனால் அந்தத் தயாரிப்பு ஆனந்துக்குக் கொடுத்தது ஒரு நிலை மட்டும்தான், வெற்றியைக் கொடுக்கவில்லை. அந்த ஆட்டத்தின் 24ஆவது நகர்வு முடிந்தபோது ஆனந்த் இரண்டு சிப்பாய் குறைவாக இருந்தார் என்று உங்கள் மகனின் கோச்சிடம் சொல்லிப் பாருங்கள். வீட்டிலேயே ஜெயித்த ஆட்டத்தில் யாரும் இரண்டு சிப்பாய் பின்தங்கி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். முழுக்கதையையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பின்னணி. போட்டி நடந்தது ஜெர்மனியின் பான் நகரத்தில், 2008 அக்டோபரில், மொத்தம் 12 ஆட்டங்கள் என்று திட்டம். விளாடிமிர் கிராம்னிக் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. 2000இல் லண்டனில் காஸ்பரோவிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர், அதுவும் 15 ஆட்டங்களில் காஸ்பரோவை ஒன்றில்கூட ஜெயிக்க விடாமல். அந்தப் போட்டியில் அவர் கையில் இருந்த ஆயுதம் கறுப்பில் ஆடும் பெர்லின் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங். எட்டாவது நகர்விலேயே ராணிகள் பலகையை விட்டுப் போய்விடும், காஸ்பரோவின் தாக்குதல் திறமைக்கு அங்கே வேலையே இருக்காது. அதாவது கிராம்னிக்கே ஓப்பனிங் மூலம் எதிராளியைப் பிடிக்காத நிலைக்கு இழுத்துக்கொண்டு போய் உலக சாம்பியன் ஆனவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பானில் ஆனந்த் அதே வேலையைத் தலைகீழாகச் செய்தார்.

ஆனந்த் 2007இல் மெக்சிகோ சிட்டியில் எட்டுப் பேர் ஆடிய போட்டியில் ஜெயித்து சாம்பியன் ஆகியிருந்தார். ஆனாலும் ஒருவரோடு ஒருவர் மோதும் மேட்ச்சில் கிராம்னிக்தான் பலசாலி என்று சொன்னவர்கள் நிறைய. கிராம்னிக்கின் பலம் ராணிகள் போன பிறகு, நிதானமான, கட்டுப்பாடான நிலைகளில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதில் இருந்தது. சிக்கலே இல்லாத எண்ட்கேமில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) துளி சாதகம் இருந்தால் போதும், ஆறு மணி நேரம் உட்கார்ந்து பிழிந்து எடுத்துவிடுவார். ஆக, ஆனந்தும் அவருடைய உதவியாளர்கள் நீல்சன், காசிம்ஜானோவ், சூர்ய கங்குலி, வொய்டாஷெக் ஆகியோரும் தங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி "எந்த நகர்வு சிறந்தது" என்பதாக இருந்திருக்காது. "கிராம்னிக் உட்கார விரும்பாத நிலை எது, அங்கே அவரை எப்படிக் கொண்டுபோவது" என்பதுதான் சரியான கேள்வி. போட்டி போன போக்கைப் பார்த்தால் அது தெளிவாகத் தெரிகிறது.

வெள்ளையில் அவர்கள் எடுத்த முடிவு, வாழ்நாள் முழுக்க ராஜாவின் சிப்பாயை இ4க்குத் தள்ளி ஆடியே பழகிய ஆனந்த், பானில் டி4 ஆடுவது. (பலகையின் நேர் வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். இரண்டும் சேர்ந்ததுதான் கட்டத்தின் பெயர். வெறும் டி4 என்றால் சிப்பாய் அங்கே போகிறது என்று பொருள்.) இ4 ஆடியிருந்தால் கிராம்னிக் பெட்ராஃப் என்ற தற்காப்பையோ பெர்லினையோ ஆடி, வருடக்கணக்கில் கட்டிய சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். இரண்டாவது ஆட்டத்தில் ஆனந்த் டி4 ஆடியதுமே கிராம்னிக் அணி அதுவரை செய்த தயாரிப்பில் பெரும்பகுதி அலமாரிக்குப் போயிற்று. இது பெரிய விஷயம்தான், ஆனால் நீங்கள் கேட்டது மூன்றாவது ஆட்டம். அதில் ஆனந்த் கறுப்பு.

அக்டோபர் 17. கிராம்னிக் டி4, ஆனந்த் டி5, அப்புறம் சி4, சி6, இரண்டு பக்கமும் குதிரைகள் வெளியே, இ6, இ3. இது செமி-ஸ்லாவ் என்ற ஓப்பனிங். ஐந்தாவது நகர்வில் கறுப்புக் குதிரை டி7க்கு வர, ஆறாவதில் வெள்ளை பிஷப் டி3க்கு வந்ததும் ஆனந்த் சி4 சிப்பாயை வெட்டுகிறார், ஏழாவதில் பி5. இந்த இடத்திலிருந்து இது மெரான் வேரியேஷன். இத்தாலியில் மெரான் என்ற ஊரில் 1924இல் நடந்த போட்டியில் குருன்ஃபெல்டுக்கு எதிராக ரூபின்ஸ்டைன் கறுப்பில் இதை ஆடியதால் அந்தப் பெயர்.

உங்கள் மகனுக்கு இங்கேயே ஒரு பாடம் இருக்கிறது, அதுவும் மனப்பாடத்தில் கிடைக்காத பாடம். கறுப்பு ஏன் சி4 சிப்பாயை இரண்டாவது நகர்விலோ மூன்றாவதிலோ வெட்டாமல் ஆறாவது வரை காத்திருக்கிறது? வெள்ளை பிஷப் இன்னும் எஃப்1இல் இருக்கும்போது வெட்டினால், அது ஒரே தாவலில் சி4க்கு வந்து சிப்பாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். டி3க்கு வந்த பிறகு வெட்டினால் அதே பிஷப் சி4க்குப் போக இரண்டாவது தடவை நகர வேண்டும். உடனே பி5 என்று விரட்டினால் மூன்றாவது தடவை. இந்த மிச்சப்பட்ட நேரத்தில்தான் கறுப்பு தன் முழு ஓப்பனிங்கையும் கட்டுகிறது: பி5, ஏ6, அப்புறம் சி5 என்று நடுவை உடைத்து, பி7இல் பிஷப்பை வைப்பது. இது புரிந்த பையன் நகர்வு வரிசையை மறந்தாலும் பலகையைப் பார்த்துத் திரும்பக் கண்டுபிடித்துவிடுவான். புரியாத பையனுக்கு எதிராளி ஒரே ஒரு நகர்வை மாற்றி ஆடினால் போதும், தலை சுற்றும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எட்டாவதில் பிஷப் மறுபடி டி3க்குப் போகிறது, ஆனந்த் ஏ6. கிராம்னிக் இ4, ஆனந்த் சி5, கிராம்னிக் இ5. இது மெரானின் மிகக் கூர்மையான கிளை, ப்ளூமென்ஃபெல்ட் பெயரில் வழங்குவது. கிராம்னிக் இந்தக் கிளைக்கு வந்ததே ஆச்சரியம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. 90களில் செமி-ஸ்லாவைக் கறுப்பில் ஆடி, உலகத்திலேயே அதை நன்றாக அறிந்தவர்களில் ஒருவராக இருந்தவர் கிராம்னிக். தன் சொந்தப் பேட்டைக்குள் ஒருவன் வருகிறான், சவாலை ஏற்காமல் எப்படி விடுவது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

இப்போது எஃப்6 குதிரை தாக்குதலில் இருக்கிறது. ஆனந்த் அதைக் கவனிக்காமல் டி4 சிப்பாயை வெட்டுகிறார், இப்போது வெள்ளையின் சி3 குதிரையும் தாக்குதலில். அது பி5 சிப்பாயை வெட்டிக்கொண்டு விழுகிறது, ஏ6 சிப்பாய் அதை எடுக்க, இ5 சிப்பாய் எஃப்6 குதிரையை எடுக்க, ஜி7 சிப்பாய் திரும்ப எஃப்6இல் வெட்டுகிறது. 12 நகர்வு முடிந்தது. கறுப்பின் சிப்பாய் அமைப்பைப் பார்த்தால் பழைய காலத்து ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள்: எஃப் வரிசையில் இரட்டைச் சிப்பாய், ராஜா நடுவிலேயே நிற்கிறது, காஸ்லிங் செய்ய, அதாவது ராஜாவை யானையோடு சேர்த்து ஓரத்துக்கு ஒதுக்க, பத்திரமான பக்கம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஜி வரிசை திறந்துவிட்டது. எச்8 யானைக்கு நேர் வழி வெள்ளை ராஜாவைப் பார்த்து.

13ஆவதில் கிராம்னிக் காஸ்லிங், ஆனந்த் ராணியை பி6இல் வைக்கிறார். 14ஆவதில் கிராம்னிக் ராணி இ2க்கு வந்து, டி3 பிஷப்போடு சேர்ந்து பி5 சிப்பாயை இரண்டு காய்களால் குறி வைக்கிறது. அதைக் காப்பாற்றுவது ஒரு காய்தான், பி6 ராணி. இயல்பாக யாரும் என்ன செய்வார்கள்? பிஷப்பை ஏ6இல் வைத்துச் சிப்பாயைக் காப்பாற்றலாம், அல்லது சிப்பாயையே பி4க்குத் தள்ளலாம். அதுவரை இருந்த தியரியும், அதாவது ஓப்பனிங் பற்றிச் சேர்த்து வைத்த அறிவும், அந்த வழியில்தான் போயிற்று. ஆனந்த் பிஷப்பை பி7இல் வைத்தார். பி5ஐ எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

இந்த நகர்வைத்தான் எல்லாரும் "வீட்டுத் தயாரிப்பு" என்று சொல்கிறார்கள், சரிதான், இது உயர்மட்டத்தில் புதிய நகர்வு, வீட்டில் கண்டுபிடித்ததுதான். ஆனால் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். சிப்பாய் போனால் கணக்கில் இரு பக்கமும் ஐந்து ஐந்து சிப்பாய், சமம். வெள்ளைக்கு ஏ, பி வரிசைகளில் இரண்டு சுதந்திரமான (எதிரிச் சிப்பாய் வழிமறிக்காத) சிப்பாய்கள் கிடைக்கின்றன, எண்ட்கேம் வந்தால் அவை இரண்டும் ஓட ஆரம்பிக்கும், அதுவும் கிராம்னிக் கையில். கறுப்புக்குக் கிடைப்பது பி7 பிஷப்பின் நீண்ட மூலைவிட்டம், எஃப்3 குதிரையையும் அதற்குப் பின்னால் ஜி2வையும் நோக்கி, அத்தோடு ஜி வரிசை, அத்தோடு டி4இல் முன்னேறிய சிப்பாய். அதாவது எண்ட்கேம் வந்தால் வெள்ளைக்கு நல்லது, ராணிகள் இருக்கும் வரை கறுப்புக்கு வாய்ப்பு. உலகத்திலேயே எண்ட்கேமை அதிகம் நம்பும் ஆளிடம், எண்ட்கேமுக்குப் போக முடியாத ஒரு நிலையை நீட்டியிருக்கிறார்கள். பெர்லினின் நேர் எதிர்ப்பக்கம் இது.

கம்ப்யூட்டர் இதைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும் என்று நினைப்பது எளிது. 2008இன் எஞ்சின்கள் (செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரல்கள்) கணக்கில் வல்லவை, ஆனால் ராஜா நடுவில் நிற்க, சிப்பாய்கள் சிதறிக் கிடக்க, நீண்டகாலத் தாக்குதல் மட்டும் ஈடாக இருக்கும் நிலையை மதிப்பிடுவதில் அவை இன்றைய எஞ்சின்களுக்கு வெகு தூரம் பின்னால். ஒரு மனிதன் அந்த நிலையைப் பார்த்து "இதில் உட்கார எனக்குப் பிடிக்கும், கிராம்னிக்குக்குப் பிடிக்காது" என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுதான் தயாரிப்பின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

15ஆவதில் கிராம்னிக் பி5ஐ எடுத்தார். ஆனந்த் பிஷப்பை டி6க்கு, எச்2வைப் பார்த்து. வெள்ளை யானை டி1க்கு, டி4 சிப்பாயைக் குறி வைத்து. கறுப்பு யானை ஜி8க்கு, கிராம்னிக் ஜி3 ஆடி அடைக்க, யானை ஜி4க்கு ஏறியது. இந்த ஜி4 நகர்வு எனக்கு மிகவும் பிடித்தது. தாக்கப் போன யானை அப்படியே பக்கவாட்டில் டி4 சிப்பாய்க்குக் காவலாகவும் நிற்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது பலகையில் ஒரு சண்டை. 18ஆவதில் கிராம்னிக் பிஷப்பை எஃப்4இல் வைத்து மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டார், ஆனந்த் வெட்டினார். கிராம்னிக் அந்த பிஷப்பைத் திரும்ப எடுக்காமல் குதிரையால் டி4ஐ வெட்டினார். குதிரை எஃப்3ஐ விட்டு நகர்ந்ததும் இ2 ராணியின் பார்வை நேராக ஜி4 யானை மேல் விழுகிறது, ஜி3 சிப்பாய் எஃப்4 பிஷப்பை எடுக்கக் காத்திருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு காய் ஆபத்தில். ஆனந்தின் பதில் எச்5, எச் சிப்பாயை நகர்த்தி யானைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பிஷப்பை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றது. கிராம்னிக் இன்னும் ஒரு படி மேலே போனார்: குதிரையை இ6இல் போட்டார், எஃப்7 சிப்பாய் வெட்ட, டி வரிசை திறந்து வெள்ளை யானை டி7 குதிரையை எடுத்துக்கொண்டு ராஜாவின் மூக்கின் முன்னால் நின்றது. பி5 பிஷப் அதற்குக் காவல், ராஜா அதைத் தொட முடியாது. ராஜா எஃப்8க்கு விலக, வெள்ளை ராணி டி3க்கு வந்து எச்7இல் புகுந்து செக்மேட் வைப்பேன் என்று மிரட்டியது. ஆனந்த் யானையை ஜி7க்கு இறக்கி மாற்றிக்கொள்ளச் சொன்னார். யானைகள் மாறின, ஜி3 சிப்பாய் கடைசியில் எஃப்4 பிஷப்பை எடுத்தது. 24 நகர்வு.

இங்கே நிறுத்தி எண்ணுங்கள். வெள்ளைக்கு ராணி, யானை, பிஷப், ஐந்து சிப்பாய். கறுப்புக்கு ராணி, யானை, பிஷப், மூன்று சிப்பாய். ஆரம்பத்தில் சொன்ன இரண்டு சிப்பாய் குறைவு இதுதான். காகிதத்தில் வெள்ளை ஜெயிக்க வேண்டிய நிலை. ஆனால் வெள்ளை ராஜாவுக்கு முன்னால் ஜி வரிசையில் ஒன்றுமே இல்லை, ஒரு பிஷப் அங்கே நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கிராம்னிக்கின் கடிகாரமோ ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது நகர்வுக்குள் நேரக் கட்டுப்பாடு. ஓப்பனிங்கில் புதிய நகர்வு சந்தித்தவர் பலகையிலேயே எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும், எதிரில் இருப்பவரோ அந்த நிலையை வாரக்கணக்கில் பார்த்தவர். தயாரிப்பு கொடுத்த நிஜமான லாபம் இந்த நேரமும் பழக்கமும்தான். இதை வெற்றி என்று சொல்லக் கூடாது.

ஆனந்த் யானையை டி8க்குக் கொண்டுவந்து ராணியை விரட்டினார், அது இ2க்குப் போயிற்று. அடுத்து வந்த நகர்வை உங்கள் மகனுக்குக் கட்டாயம் காட்டுங்கள்: ராஜா எச்6க்கு. எதிராளியின் ராணி, யானை எல்லாம் உயிரோடு இருக்கும்போது சொந்த ராஜாவை ஒரு படி முன்னால் நடக்க வைக்கிறார். காரணம் எளிது, ராஜா ஜி வரிசையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அது விலகினால் யானை ஜி8க்கு வரலாம், எச்5 சிப்பாய்க்கும் காவல் ஆயிற்று. இந்த மாதிரி நகர்வை வீட்டுக் குறிப்பிலிருந்து ஒப்பிக்கிற மனநிலையில் இருக்கிறவர் ஆட மாட்டார், நிலைமையை உள்ளே உணர்ந்தவர்தான் ஆடுவார்.

கிராம்னிக் ராஜா எஃப்1க்கு ஓடியது, யானை ஜி8க்கு, ஏ4, பிஷப் ஜி2இல் செக், ராஜா இ1, பிஷப் எச்3. கிராம்னிக் 29ஆவதில் யானையை ஏ3க்கு உயர்த்தினார், அது மூன்றாவது வரிசை முழுக்கப் பார்த்து எச்3 பிஷப்பையே தாக்குகிறது. ஆனந்த் யானையால் ஜி1இல் செக், ராணியால் டி4இல் செக், வெள்ளை ராஜா சி2 வரை துரத்தப்பட, பிஷப் ஜி4க்கு, எஃப்3, பிஷப் எஃப்5இல் செக், கிராம்னிக் தன் பிஷப்பை டி3இல் வைத்து மறைத்தார்.

இந்த இடத்தைத்தான் "வீட்டிலேயே ஜெயித்தார்" என்பவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். 33ஆவது நகர்வில் ஆனந்த் டி3 பிஷப்பை வெட்டியிருந்தால் நேரடியாக ஜெயித்திருப்பார். அவர் வெட்டவில்லை. பிஷப்பை மறுபடி எச்3க்குக் கொண்டுபோய், யானை ஜி2க்கு வரப்போகிறது என்று மிரட்டினார். அதுவும் நேர நெருக்கடியில். இது துல்லியமான நகர்வு இல்லை. கிராம்னிக் உடனே ராஜாவை பி3க்கு விலக்கியிருந்தால் சண்டை இன்னும் நீண்டிருக்கும். அவர் ஏ சிப்பாயை ஏ5க்குத் தள்ளினார், எண்ட்கேம் மனிதர் தன் சுதந்திரச் சிப்பாயை நம்பினார். ஆனந்தின் யானை ஜி2க்கு வந்தது, இ2 ராணி அசைய வழியில்லாமல் ராஜாவுக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. ஏ6, யானை ராணியை எடுத்தது. சிப்பாய் ஏ7 வரை ஓடியது, ராணியாக இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி, ஆனால் அந்த ஒரு கட்டத்துக்கு நேரம் கிடைக்கவே இல்லை, ஒவ்வொரு நகர்விலும் செக். 41ஆவதில் பிஷப் பி1இல் செக் வைத்ததும் கிராம்னிக் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார்.

ஆக இரண்டு பேரும் பிழை செய்தார்கள். பிழை செய்யாத ஆட்டம் என்று இதை விற்பது ஆட்டத்துக்கே அநியாயம். இதன் அழகு, இரண்டு உலக சாம்பியன்கள் பயங்கரமான நிலையில் குறைந்த நேரத்தில் நேருக்கு நேர் மோதியதுதான்.

ஐந்தாவது ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் என் வாதம் முழுமையாகும். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 20, கிராம்னிக் மறுபடி வெள்ளை. வேறு எந்த ஓப்பனிங்குக்கும் போயிருக்கலாம், போகவில்லை. இடையில் அவர் அணி அந்த லைனைத் தோண்டித் துருவியிருக்கும் அல்லவா? அதே 14 நகர்வு, அதே பி7 பிஷப், பி5ஐ அவர் எடுத்தார். இப்போது ஆனந்த் மாற்றினார்: டி6க்குப் பிஷப் போகாமல் யானை முதலில் ஜி8க்கு. எதிரணி எதைத் தோண்டும் என்று முன்பே யோசித்து, அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வேறு வழி போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த ஆட்டம் மூன்றாவது ஆட்டம் போல வெடிக்கவில்லை. ஆனந்த் எஃப் சிப்பாயை எஃப்4 வரை தள்ளினார், இருண்ட கட்ட பிஷப்கள் மாறின, ராஜா இ7இல் அமைதியாக உட்கார்ந்தது, நிலை கிட்டத்தட்டச் சமம். 29ஆவதில் கிராம்னிக் குதிரையால் டி4 சிப்பாயை வெட்டினார். அவர் கணக்கு சரிதான், பல நகர்வு வரைக்கும்: ராணி குதிரையை எடுக்கும், யானை டி1க்கு வந்து ராணியைத் தாக்கும், கறுப்புக் குதிரை எஃப்6க்கு வந்து வெள்ளை ராணியைத் தாக்கும், ராணிகள் மாறும், யானை டி7இல் செக் வைத்துவிட்டு பி7 பிஷப்பை எடுக்கும், கறுப்பு யானை சி1இல் செக், பிஷப் எஃப்1இல் மறைப்பு. அங்கே அவர் கணக்கு நின்றது. ஆனந்தின் கணக்கு இன்னும் ஒரு நகர்வு போயிற்று: குதிரை இ3க்கு, சும்மா வெட்டிக்கொள் என்று. எஃப்2 சிப்பாய் அதை வெட்ட, எஃப்4 சிப்பாய் இ3இல் திரும்ப வெட்டுகிறது, அடுத்து இ2, எஃப்1இல் சிக்கிய பிஷப் போய்விடும், தடுக்க ஆள் இல்லை. 35 நகர்வில் கிராம்னிக் விட்டுக்கொடுத்தார். இந்த இ3 குதிரைக்கும் ஓப்பனிங் தயாரிப்புக்கும் சம்பந்தமே இல்லை, 34ஆவது நகர்வு அது. சாதாரணமாக கிராம்னிக் இப்படிப்பட்டதைத் தவறவிட மாட்டார். ஆனால் ஐந்து ஆட்டங்களில் இரண்டாவது தடவையாக அவருக்குப் பிடிக்காத மாதிரி நிலையில் உட்கார்ந்திருந்தார், ஏற்கெனவே ஒன்று தோற்றவர், ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரம்.

ஆறாவதில் ஆனந்த் வெள்ளையில் டி4 ஆடி நிம்சோ-இந்தியன் என்ற ஓப்பனிங்கில் இன்னொன்று ஜெயித்தார். ஆறு ஆட்டம் முடிவில் 4½–1½. அதற்குப் பிறகு பிடித்து நிறுத்தினால் போதும். பத்தாவதில் கிராம்னிக் ஒன்று ஜெயித்தார், பதினொன்றாவதில் ஆனந்த் திரும்பவும் இ4 ஆடி 24 நகர்வில் டிரா, 6½–4½ என்று போட்டி முடிந்தது, பன்னிரண்டாவது ஆட்டம் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆனந்தின் மெரான் பற்றிப் பேசினால் 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸேயில் கிராண்ட்மாஸ்டர் ஆரோனியனுக்கு எதிராக அவர் கறுப்பில் ஆடியதை விட முடியாது. அதிலும் முதல் ஏழு நகர்வு இதே வரிசைதான். எட்டாவதில் ஏ6க்குப் பதிலாக பிஷப்பை டி6இல் வைத்தார். வெள்ளைக் குதிரை எச்7 சிப்பாயை வெட்டிக்கொண்டு உள்ளே புகுந்தபோது, அதைத் திரும்ப எடுக்காமல் தன் குதிரையை ஜி4க்குக் கொண்டுபோய், பிஷப்பை சி5இல் தூக்கிப் போட்டு, இன்னொரு குதிரையை இ5இல் தூக்கிப் போட்டு, 23ஆவது நகர்வில் ஆரோனியனை விட்டுக்கொடுக்க வைத்தார். இரண்டு பிஷப்களும் பக்கம் பக்கமாக வெள்ளை ராஜாவை நோக்கி நின்ற விதத்தைப் பார்த்து, 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டைன் ஜெயித்த ஆட்டத்தோடு அப்போதே ஒப்பிட்டார்கள். மெரானைத் தொடங்கி வைத்த அதே ரூபின்ஸ்டைன். இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை தயாரிப்பின் பங்கு பானை விட அதிகம் என்று ஒத்துக்கொள்கிறேன். அங்கேயும் அடிப்படைக் கருத்து மாறவில்லை: வெள்ளை ஓரத்துக்குக் குதிரையை அனுப்பி ஒரு சிப்பாய் எடுக்கும் நேரத்தில், கறுப்பு எல்லாக் காய்களையும் ராஜாவைப் பார்த்துத் திருப்புகிறது.

இப்போது உங்கள் பையன் விஷயம். பதினோரு வயதில் மெரானின் ப்ளூமென்ஃபெல்ட் கிளையை 20 நகர்வு மனப்பாடம் பண்ணுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அவன் ஆடும் போட்டிகளில் எதிரில் இருக்கிற பிள்ளைகள் ஐந்தாவது, ஆறாவது நகர்விலேயே புத்தகத்தை விட்டு விலகிவிடுவார்கள், மிச்சம் 14 நகர்வு அவன் தலையில் சும்மா கிடக்கும். செமி-ஸ்லாவ் பிடித்திருந்தால் ஆடட்டும், நல்ல ஓப்பனிங், ஆனால் எட்டு நகர்வு வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் "ஏன்" சொல்லத் தெரிய வேண்டும்: ஏன் இ6 ஆடி சி8 பிஷப்பை அடைக்கிறோம், அது எப்போது, எந்த வழியாக வெளியே வரும், ஏன் காத்திருந்து சி4ஐ வெட்டுகிறோம், சி5 உடைப்பு நடக்காவிட்டால் என்ன ஆகும். கடைசிக் கேள்விக்கான பதில், நடக்காவிட்டால் கறுப்பு மூச்சு முட்டிச் சாகும் என்பது. அதை ஒரு தடவை தோற்று அனுபவித்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. அப்புறம் கோச்சிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், அந்த ஆட்டத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டார்.

அந்த ஆட்டத்தை அவனுக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்டால், முதல் நகர்விலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 24ஆவது நகர்வுக்குப் பிந்தைய நிலையை பலகையில் வையுங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி டி3, யானை ஏ1, பிஷப் பி5, சிப்பாய்கள் ஏ2, பி2, எஃப்2, எஃப்4, எச்2. கறுப்பு: ராஜா ஜி7, ராணி பி6, யானை ஏ8, பிஷப் பி7, சிப்பாய்கள் இ6, எஃப்6, எச்5. கறுப்பு ஆட வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, கறுப்பை அவனிடம் கொடுத்து, வெள்ளையை நீங்கள் ஆடுங்கள். அவனாகவே ராஜாவை எச்6க்கு நடத்துகிறானா என்று பாருங்கள். நடத்தாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நான்கைந்து தடவை ஆடியபிறகு ஆனந்த் ஆடியதைக் காட்டுங்கள். ஓப்பனிங்கை அதற்கப்புறம் முதலிலிருந்து போட்டால், 14ஆவது நகர்வில் பிஷப் ஏன் பி7க்குப் போயிற்று என்று அவனே சொல்லிவிடுவான்.